பிள்ளையின் ஆட்டக் குறிப்புகள் எங்கே இருக்க வேண்டும்? செஸ்பேஸ், ஸ்கிட், லிச்செஸ் ஓர் ஒப்பீடு

திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் சதுரங்க மாலை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், மகளுக்கு எந்தச் சதுரங்க மென்பொருளை வாங்கிக் கொடுக்கலாம்? நல்ல எஞ்சின் உள்ளதாகப் பார்த்துச் சொல்லுங்கள்." நிலையைக் கணக்கிட்டு நல்ல நகர்வைச் சொல்லும் நிரலான எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். உலகின் மிக வலிமையான எஞ்சின்களில் ஒன்று இன்று இலவசமாகக் கிடைக்கிறது. எந்த மென்பொருளை எடுத்தாலும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். பெற்றோர் யோசிக்க வேண்டியது, பிள்ளை விளையாடிய ஆட்டங்களும் அவற்றுக்கு எழுதிய குறிப்புகளும் ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கும், எதைக் கொண்டு திறக்கலாம் என்பதைத்தான்.

எஞ்சின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நான் சொன்ன இலவச எஞ்சினின் பெயர் ஸ்டொக்ஃபிஷ். அது 2008-ல் குளோரங் என்ற திறந்த மூல நிரலிலிருந்து கிளைத்தது. மனிதர்களைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்த அது, 2020 செப்டெம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில் நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறியது. எஞ்சினும் மென்பொருளும் பேசிக்கொள்வதற்காக 2000-ல் உருவான யுசிஐ என்ற பொது நெறிமுறையின் தயவால் அதே ஸ்டொக்ஃபிஷ்ஷைக் காசு கொடுத்து வாங்கும் செஸ்பேஸுக்குள்ளும் வைக்கலாம், இலவச ஸ்கிட்டுக்குள்ளும் வைக்கலாம். லிச்செஸ் என்ற இணையத்தளத்தில் அது உலாவிக்குள்ளேயே ஓடுகிறது. 2021-ல் ஸ்டொக்ஃபிஷ் உருவாக்குநர்கள் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது ஜெர்மனியில் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் விற்ற ஃபற் ஃபிரிட்ஸ் 2 என்ற எஞ்சின் தங்கள் நிரலின் மேல் கட்டப்பட்டது, ஆனால் உரிம நிபந்தனைகளை மதிக்கவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. 2022 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. சட்டச் சண்டை நமக்கு வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் இலவச எஞ்சினின் வம்சம் இருந்தது என்ற செய்தி போதும்.

அப்படியானால், யார் முன்னிலையில் என்று காட்ட எஞ்சின் தரும் எண், ஒரே நிலைக்கு இரண்டு பேரின் திரையில் இரண்டாக ஏன் வருகிறது? ஒருவரின் கணினி இருபது விநாடி யோசித்திருக்கும், மற்றவரின் கைப்பேசி மூன்று விநாடி யோசித்திருக்கும்; பதிப்பும் வேறாக இருக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டொக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பதற்கு "ஒரு சிப்பாய் கூடுதல்" என்று பொருளல்ல. அந்த நிலையிலிருந்து வெல்வதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது என்ற அளவுகோலுக்கு அதை மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகங்களில் படித்த எண்களோடு இதை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினி என்றால், ஸ்டொக்ஃபிஷ்ஷைத் தரவிறக்கும்போது ஏவிஎக்ஸ்2 என்று போட்டிருக்கும் கோப்பைத் தவிர்த்து அதற்குக் கீழான தெரிவை எடுங்கள். பழைய செயலி அந்தக் கட்டளைகளை அறியாது, எஞ்சின் தொடங்கிய உடனே நின்றுவிடும். நான்கு ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் எஞ்சினுக்கு 512 மெகாபைட் ஒதுக்கினால் போதும்.

இனி குறிப்புகளுக்கு வருகிறேன். 2024 டிசெம்பர் 12-ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த உலக சம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. இருவரிடமும் ஒரு கோட்டை, ஒரே நிறக் கட்டங்களில் ஓடும் ஒரு பிஷப். கறுப்புக்கு இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஒன்று. வெள்ளையின் பிஷப் ஏ8 மூலையில் நின்றது. பொறுமையாகக் காத்தால் சமநிலை. 55-ஆவது நகர்வில் டிங் கோட்டையை எஃப்2-க்குக் கொண்டுபோனார். எஞ்சினை ஓடவிட்டால், அதுவரை சமநிலைக்குப் பக்கத்தில் கிடந்த எண் அந்த இடத்தில் கறுப்பின் பக்கம் பள்ளத்தில் விழுவது தெரியும். அவ்வளவுதான் தெரியும். ஏன் விழுந்தது என்று அது சொல்லாது.

கோட்டைகள் இரண்டும் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5-க்கு வைத்தார். ஏ8 கட்டத்திலிருந்து புறப்படும் மூலைவிட்டம் ஒன்றே ஒன்று. டி5 அதன் மேல்தான் இருக்கிறது. வெள்ளை பிஷப் ஓட வழியில்லை, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றிக்கொண்டால் மிஞ்சுவது இரண்டு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் என்ற இறுதியாட்டம், அதில் கறுப்புக்கு வெற்றி. இந்த ஆட்டத்தை வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி டிங்கின் 55-ஆவது நகர்வின் கீழ் எழுதியது: "மூலையில் நிற்பவரை மறந்துவிட்டார்." எஞ்சின் பத்துக் கோடி நிலைகளைப் பார்த்துவிட்டுத் தரும் எண்ணைவிட அந்த மூன்று சொற்களுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். அடுத்த வருடம் அவளுடைய சொந்த ஆட்டத்தில் பிஷப் மூலைக்குப் போகும்போது நினைவுக்கு வரப்போவது அந்தச் சொற்கள்தான்.

இதே ஆட்டம் இன்னொன்றையும் காட்டுகிறது. கோட்டைகள் போனபின் பலகையில் அரசர்களையும் சிப்பாய்களையும் சேர்த்து ஏழு காய்கள், பிஷப்புகளும் போனபின் ஐந்து. ஏழு காய்வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் முடிந்த முடிவு சிசிஜி என்ற இறுதிநிலைக் கோப்புகளில் கணக்கிடப்பட்டுள்ளது. ஐந்து காய்வரையான கோப்புகள் ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவு, பென் டிரைவில் அடங்கும். ஆறு காய்க்கு ஏறத்தாழ 150 ஜிகாபைட். ஏழு காய்க்கு 16 டெராபைட்டுக்கும் மேல், அதை வீட்டில் வைக்க முடியாது. லிச்செஸில் இணைய வழியாகப் பார்க்கலாம். ஆகவே கணினியில் ஐந்து காய்க் கோப்புகளை மட்டும் போட்டு வைத்தால் பாடசாலைப் பிள்ளைக்குத் தேவையான இறுதியாட்டங்களில் பெரும்பகுதி இணையம் இல்லாமலே கிடைத்துவிடும்.

செஸ்பேஸ்

காசு இருந்தால் இதை வாங்கிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. 1987-ல் அடாரி கணினிக்காக வெளிவந்த காலத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களின் மேசையில் இருப்பது இதுதான். விண்டோஸில் மட்டும் ஓடும். நிரலையும் மெகா தரவுத்தளத்தையும் சேர்த்து வாங்கினால் விலை நூற்றுக்கணக்கான யூரோவில் வரும். ரூபாயில் பெருக்கிப் பாருங்கள், ஒரு சாதாரண மடிக்கணினியின் விலையை நோக்கிப் போகும். புதிய பதிப்பு வரும்போது மேம்படுத்தவும் காசு.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? மெகாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், அவற்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை குறிப்புகளோடு. எதிராளியின் பெயரைக் கொடுத்தால் அவர் எந்தத் தொடக்கத்தை விளையாடுவார், எங்கே தடுமாறுவார் என்று கட்டுக்கட்டாக அடுக்கித் தரும். தேடலின் வேகத்தில் இதற்கு நிகர் இல்லை. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் திருகோணமலையிலிருந்து போகும் 13 வயதுப் பிள்ளைக்கு அடுத்த சுற்றில் எதிரே உட்காரப்போவது மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் ஆட்டங்கள் தாளில் எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, நடுவரின் உறைக்குள் போனவை; மெகாவுக்கு அவை போய்ச் சேருவது அரிது. செஸ்பேஸின் மிகப் பெரிய பலம் நம் பிள்ளைக்குப் பயன்படத் தொடங்குவது, எதிராளிகளின் ஆட்டங்கள் வெளியாகும் தேசிய, சர்வதேசப் போட்டிகளில்தான். அந்த நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், தயங்க வேண்டாம். அதற்கு முன் அந்தக் காசில் தரப்படுத்தல் போட்டிகளுக்குக் கொழும்புக்குப் போய்வருவது மேல்.

சேமிப்பு முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. செஸ்பேஸின் வழமையான தரவுத்தளம் ஒரே கோப்பு அல்ல, ஒரு குடும்பம். சிபிஎச் கோப்பில் ஆட்டங்களின் தலைப்பு விபரம், சிபிஜி கோப்பில் நகர்வுகள், சிபிஏ கோப்பில் குறிப்புகள். இன்னும் சில கோப்புகள் வீரர் பெயருக்கும் போட்டிப் பெயருக்கும். பென் டிரைவில் "ஆட்டங்களைப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டு வாங்கும்போது சிபிஏ விடுபட்டுப் போனால், மாதக்கணக்கில் எழுதிய குறிப்புகள் வந்து சேராது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டும் சிபிவி என்ற பொதிக்கோப்பு இதற்காகவே இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். 17-ஆம் பதிப்பில் புதிய கோப்பு வடிவம் ஒன்றும் வந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவரால் அதைத் திறக்க முடியாது. கைமாறும் உடைத்த பிரதிகளைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: அது திருட்டு, வைரஸ் இலவச இணைப்பு.

ஸ்கிட்

ஸ்கிட்டின் கிளையான "ஸ்கிட் விஎஸ் பிசி"யைத்தான் நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், முற்றிலும் இலவசம், பத்து வருடப் பழைய கணினியிலும் மூச்சு வாங்காது. முகம் அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொத்தான்கள் தொண்ணூறுகளிலிருந்து எழுந்து வந்தவை போல இருக்கும், பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் சேகரிப்பைப் பராமரிப்பது என்று வரும்போது இந்தக் கிழவர் சளைத்தவரல்ல. பலகையில் ஒரு நிலையை வைத்து, "இது என் ஆட்டங்களில் எங்கெல்லாம் வந்திருக்கிறது?" என்று கேட்கலாம். கோட்டையும் நான்கு சிப்பாயும் எதிர் கோட்டையும் மூன்று சிப்பாயும் என்று காய்களை மட்டும் சொல்லியும் தேடலாம். வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டங்களில் இந்தத் தேடலைச் செய்தபோது, வென்றிருக்க வேண்டிய கோட்டை இறுதியாட்டங்களைச் சமநிலையில் விட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல என்று தெரியவந்தது. அடுத்த மாதப் பாடத்திட்டம் அதிலிருந்தே எழுந்தது. பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களும் வேண்டுமென்றால், மார்க் குரவ்தர் 1994 முதல் நடத்திவரும் "த வீக் இன் செஸ்" வாராந்தம் இலவசமாக வெளியிடும், எல்லா நிரல்களும் வாசிக்கும் பிஜிஎன் என்ற ஆட்டக் கோப்புகளை இறக்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஸ்கிட்டிலும் தரவுத்தளம் எஸ்ஐ4, எஸ்என்4, எஸ்ஜி4 என்று மூன்று கோப்புகள். நகலெடுக்கும்போது மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். மற்றது கிளிப்பேஸ். ஆட்டங்களைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்க்கும் மேசை அது, நினைவகத்தில் மட்டும் இருப்பது. நிரலை மூடினால் போய்விடும். 2022-ல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்சாரம் போன காலத்தை நாம் மறக்கவில்லை. மின்கலம் செத்த மடிக்கணினியில் கிளிப்பேஸில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது தலையில் கொள்ளி வைத்துக்கொள்வதற்குச் சமம். முதலில் ஒரு தரவுத்தளத்தைத் திறந்து, அதில் ஆட்டத்தைச் சேர்த்து, பிறகு எழுதத் தொடங்க வேண்டும்.

லிச்செஸ்

பிள்ளைகளுக்கு இதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை, ஏற்கனவே அதில்தான் விளையாடுகிறார்கள். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையில் நடக்கிறது. நம் விடயத்துக்கு வேண்டியது அதிலுள்ள ஆய்வு என்ற பகுதி. ஓர் ஆய்வில் 64 அத்தியாயம் வரை வைக்கலாம், ஓர் அத்தியாயம் ஓர் ஆட்டம். கிண்ணியாவில் ஒருவர், நிலாவெளியில் ஒருவர், உவர்மலையில் நான் என்று மூவரும் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் காய் நகர்த்தி, அம்பு வரைந்து, குறிப்பு எழுதலாம். அடுத்த நகர்வுகளை மறைத்து வைத்து "இங்கே என்ன விளையாடுவாய்?" என்று கேட்கும் பாடமாகவும் மாற்றலாம். கற்பிப்பதற்கு இதைவிட வசதியான கருவியை நான் பார்க்கவில்லை. செஸ்பேஸையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேமித்து வைக்கும் இடமாக மட்டும் இதை நம்பாதீர்கள். உங்கள் ஆய்வுகள் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு நிலையைத் தேடிப் பிடிக்கும் வசதி இதில் இல்லை. நூறு ஆட்டம் சேர்ந்த பிறகு எது எங்கே இருக்கிறது என்று தலைப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஆய்வை யார் பார்க்கலாம் என்ற அமைப்பையும் கவனிக்க வேண்டும். மாகாணப் போட்டிக்கு முதல் வாரம் பிள்ளையின் தொடக்க ஆயத்தத்தைப் பொதுவில் போட்டு வைத்தால் எதிராளியின் பயிற்றுநருக்கு வேலை மிச்சம். நல்ல காலம், முழு ஆய்வையும் ஒரே சொடுக்கில் பிஜிஎன் கோப்பாக வெளியே எடுக்கலாம். குறிப்பும் கிளைகளும் அம்புகளும் அதோடு வரும்.

செஸ்.கொம் தளத்தின் ஆட்ட மதிப்பாய்வைப் பற்றியும் கேட்கிறார்கள். இலவசக் கணக்கில் நாளுக்கு ஒன்று. "அபாரம்", "தவறு" என்று நகர்வுகளுக்குப் பட்டம் சூட்டி, தானே வசனமும் எழுதித் தரும். பிள்ளை அதை வாசித்துச் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். குறிப்பு எழுதும் பழக்கம் அதில் வளராது. கணினியே இல்லாத வீட்டில் அண்ட்ரொய்ட் கைப்பேசிக்கு ட்ரொய்ட்ஃபிஷ் போதும்: இலவசம், ஸ்டொக்ஃபிஷ் உள்ளேயே இருக்கிறது, பிஜிஎன் கோப்பைத் திறந்து குறிப்பு எழுதிச் சேமிக்கலாம், இணையம் வேண்டாம். எஞ்சினை நிறுத்தாமல் பையில் போட்டால் மின்கலம் ஒரு மணித்தியாலத்தில் வற்றிவிடும் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பிஜிஎன் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993-ல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த அந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். குறிப்புகள் நெளி அடைப்புக்குள், கிளைகள் சாதாரண அடைப்புக்குள், நல்ல நகர்வுக்கு டொலர் குறியோடு 1, பிழைக்கு 2, பெரும் பிழைக்கு 4. ஆயிரம் ஆட்டம் சேர்ந்தாலும் ஒரு மெகாபைட் அளவில்தான் நிற்கும், மின்னஞ்சலில் அனுப்பலாம். எங்கள் வகுப்பில் குறிப்பு எழுதுவது லிச்செஸில். மாதக் கடைசியில் பிஜிஎன் ஆக இறக்கி ஸ்கிட்டில் சேர்ப்பது. அந்தப் பிஜிஎன்னின் நகல் ஒன்று பெற்றோரின் மின்னஞ்சலில். நாளை யாராவது செஸ்பேஸ் வாங்கினாலும் அதே கோப்பை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்திசையில் வருவது அவ்வளவு சுலபமல்ல: செஸ்பேஸில் ஒலியும் காணொளியும் இணைத்து எழுதிய குறிப்பை வேறு நிரல்களில் அதே வடிவில் எதிர்பார்க்க முடியாது.

எந்த மென்பொருளை எடுத்தாலும் நம்மவர்களுக்கென்று ஒரு தொல்லை பெயரில் இருக்கிறது. ஒரு போட்டியில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால், மூன்றாவதில் ஆங்கிலத்தில் "எச்" ஒன்று கூடுதல். மென்பொருளுக்கு அது மூன்று பிள்ளைகள். பிள்ளையின் ஆட்டங்களைத் தேடினால் மூன்றில் ஒரு பங்குதான் அகப்படும். தொடக்கத்திலேயே உலக சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். ஏற்கனவே குழம்பிப் போயிருந்தால் ஸ்கிட்டில் பெயர்களைத் திருத்தும் கருவி இருக்கிறது. ஒரு பெயரை மாற்றினால் எல்லா ஆட்டங்களிலும் மாறிவிடும்.

தமிழில் குறிப்பு எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தான் நினைத்ததைத் தன் மொழியில் எழுதினால்தான் உண்மையாக எழுதும். லிச்செஸில் தமிழ் எழுத்து அப்படியே நிற்கும். பிஜிஎன் வகுக்கப்பட்ட 1993-ல் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அதனால் பழைய நிரல்களில் யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாகவோ பெட்டிகளாகவோ மாற இடமுண்டு. ஒரு சேகரிப்பை முழுதாக மாற்றுவதற்கு முன், "கொ", "ஸ்ரீ", "நகர்வு" மூன்றையும் ஒரே குறிப்பில் எழுதி, வெளியே எடுத்து, மற்ற நிரலில் திறந்து, அங்கே ஒரு தடவை சேமித்து மறுபடியும் திறந்து பாருங்கள். இரண்டாம் தடவையும் எழுத்து உடையாமல் வந்தால் மீதியை ஏற்றலாம். உடைந்தால் அந்த நிரலில் ஆட்டங்களைத் தேடுவதோடு நிறுத்திக்கொண்டு, குறிப்புகளை லிச்செஸிலேயே வைத்திருங்கள்.